ஒளி களைப்பதில்லை

ஜூலை 12, சனி

காலையிலிருந்து மழை. தாராவி மெயின் ரோட்டில் முழங்கால் தண்ணீர். கண்ணாடிக்கடையைப் பதினொன்றுக்குத்தான் திறந்தேன். ரீடிங் கிளாஸ் மூன்று, ஃப்ரேம் ரிப்பேர் ஒன்று.

நாளைக்கு: க.ஒ. ('களைத்த ஒளி', என் புத்தகம்) 40 பிரதி, பிளாஸ்டிக் கவர், வெள்ளைச் சட்டை.

பேச்சு ஒத்திகை: பிரபஞ்சம் விரியவில்லை. தொலைதூர ஒளி வழியெல்லாம் தூசியில் மோதிக் களைக்கிறது. அதனால்தான் சிவந்து தெரிகிறது. ஆறு வருட வேலை. பத்து நிமிஷத்தில் சொல்லணும்.

மனைவி செல்வி சட்டைக்கு இஸ்திரி போட்டாள். "மாப்பிள கணக்கால்லா கெளம்புதிய."

ஜூலை 13, ஞாயிறு

நவி மும்பை, நெருள். மாடி ஹாலில் தனி ஆராய்ச்சியாளர்கள் கூட்டம். முப்பது பேர், முப்பது பிரபஞ்சம். ஒருவர் பேச்சை இன்னொருவர் கேட்கவில்லை. தலைவர் மேடையிலேயே வடா பாவ், போனில் கிரிக்கெட்.

கல்யாணிலிருந்து வந்த ராமலிங்கம் என்று ஒருவர். ஈர்ப்பு விசை இழுப்பதில்லையாம், வானம் மேலிருந்து தள்ளுகிறதாம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அடுத்து நான். பேசி முடித்ததும் ராமலிங்கத்தின் மனைவி எழுந்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். தூசியில மோதுனா வெளிச்சம் நாலா பக்கமும் செதறும்லா? அப்போ தூரத்துல இருக்கதெல்லாம் மங்கலாத் தெரியணுமே. போட்டோவுல பளிச்சுன்னுல்லா இருக்கு?"

கீறல் விழுந்த லென்ஸ் மங்கும் என்று தினமும் கஸ்டமரிடம் சொல்கிறவன் நான். ஆறு வருடத்தில் இது தோன்றவே இல்லை.

"ரெண்டாம் அத்தியாயத்துல கணக்குப் போட்டிருக்கேம்மா."

பொய். சுத்தப் பொய். கைதட்டினார்கள். தலைவர் நிமிராமலே இந்தியில் பாராட்டினார்: "பஹுத் படியா, நெக்ஸ்ட்."

ஜூலை 14, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். கடையில் உட்கார்ந்து நாலு தாள் கணக்கு. மங்காமல் களைக்க வழியே இல்லை. மோதினால் ஒளி திசை மாறிச் சிதறத்தான் செய்யும்.

நேற்று வாங்கிப்போன புத்தகத்தில் என் நம்பரைப் பார்த்து ராமலிங்கத்தின் மனைவி மெசேஜ். "ரெண்டாம் அத்தியாயம் பாத்தேன் அண்ணாச்சி. எந்தப் பக்கம்?" பதில் போடவில்லை.

செல்வியிடம் சொன்னேன்.

"தெரியலன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்லா?"

"வாயில வரலட்டீ."

"இப்ப சொல்லுங்க. வாய் இங்கனதான இருக்கு?"

ஜூலை 15, செவ்வாய்

கடை திறக்குமுன் அந்த அம்மாவுக்குப் போன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றேன். கோபப்படவில்லை.

"ஒருத்தராவது தப்ப ஒத்துக்கிட்டீங்களே. எங்க வீட்டுக்காரங்க இந்த ஆராய்ச்சிக்காக வேலைய விட்டு எட்டு வருசம் ஆச்சு, அண்ணாச்சி. நான் சொன்னா காதுல ஏறல. நீங்க தோத்தத நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

மறுக்குமுன் போன் கை மாறிவிட்டது. ராமலிங்கம். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"அண்ணாச்சி, உங்க புத்தகத்த ரெண்டு தடவ படிச்சிட்டேன். அற்புதம்! உலகம் ஒத்துக்கிடாது. விட்றாதீங்க."

முழுதாகப் படித்த முதல் ஆள். நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்ததே, அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். த்தூ.

"அது தப்பு சார். உங்க வீட்டுல கேட்டதுதான் சரி. நான் சபையில பொய் சொன்னேன்."

அங்கே குக்கர் விசில் அடித்தது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

புத்தகம் புரளும் சத்தம். பிறகு, மெல்ல: "எந்த எடத்துல தப்பு?"