கிடைக்காத தலை

மந்தைவெளியில் பேத்திக்குச் சார்ட் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒன்றை விரித்துக் காட்டினார். நாம் வரைந்த அதே டைனோசர் சார்ட், இன்னும் அச்சாகிறது. மூலையில் நிற்கும் குட்டி விலங்கின் பின்னங்கால்கள் நீ வரைந்தவை. ரத்தம் ஒழுகும் பற்களோடு இருக்கும் தலை நான் வரைந்தது. கீழே உன் பெயர். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரெல்லாம் டைனோசர் பைத்தியம். மேற்கு மாம்பலத்தில் நாம் படம் வரைந்துகொண்டிருந்த அச்சகத்திலும் முதலாளி டைனோசர் சார்ட் கேட்டார். நீ ஒரு மூலையில் லாகர்பெட்டானையும் சேர்த்தாய். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டிரையாசிக் காலத்துக் குட்டி ஊர்வன வகை, பூனை அளவு, டைனோசர்களின் மூதாதையருக்கு உறவு. அடையாறு நிலவியல் பேராசிரியர் ஒருவர் உன்னை நம்பித் தன் புத்தகங்களைப் பார்க்கவிட்டிருந்தார். காலும் இடுப்பும் கொஞ்சம் முதுகெலும்பும்தான் அதுவரை புதைபடிவமாகக் கிடைத்திருந்தன. அதனால் தலையைப் புள்ளிக்கோடாக விட்டாய்.

"இன்னாம்மா இது, தலையில்லாத ஓணான் மாதிரி கீது. பல்லு வை," என்றார் முதலாளி.

"கிடைக்காத தலைய நான் போட மாட்டேன் சார்."

மறுநாள் நீ லீவு. முதலாளி தாளை என் மேசையில் போட்டார். பத்து நிமிடத்தில் தலை வைத்தேன். ரத்தத்தை அவர் கேட்கவில்லை, நானே சேர்த்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு வருவது அதனால்தான்.

அச்சானதைப் பார்த்த பேராசிரியர், "இனிமே வராதீங்கம்மா," என்று உன்னிடம் சொல்லிவிட்டார். அவர் எழுதும் புத்தகத்துக்கு நீதான் படம் வரைவதாக இருந்தது. என்னைத் திட்டக்கூட இல்லை நீ. "தலை நான் போட்டது இல்லன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு," என்றாய்.

போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், "யாரப் பாக்கணும்?" என்றார். விஷயம் முதலாளி காதுக்குப் போனால் வேலை என்ன ஆவது என்று பயம்.

"வீடு மாறி வந்துட்டேன் சார்."

உன்னிடம், "சொல்லிட்டேன், அவர் நம்பல," என்றேன். "நீயாவது போய்ச் சொன்னியே, போதும்," என்றாய். அந்த மாதமே வேலையை விட்டாய். பிறகு நீ எதையும் வரைந்து நான் பார்க்கவில்லை.

உன் பெண் கல்யாணத்தில் சம்பந்திகளிடம், "எனக்காகப் பேசப் போனது இவர் ஒருத்தர்தான்," என்று அறிமுகப்படுத்தினாய். நான் கைகூப்பிச் சிரித்தேன். இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். உன் வாயால் கிடைத்த அந்த நல்ல பெயர்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது.