மூன்றாம் ஞாயிறு மலையாள ஆராதனை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே முட்டளவு தண்ணீர். கடைக்குப் பெயிண்ட் கேட்டு ஒருவரும் வரவில்லை. பி.வி.சி. பைப் மட்டும் கொஞ்சம் போனது.

கேரள எல்லை தாண்டி வரும் பாறசாலை பிளம்பரோடு மலையாளம், நாகர்கோவில் மேஸ்திரியோடு தமிழ், பீகார் டைல்ஸ்காரர்களோடு என் அரைகுறை இந்தி. சாயங்காலத்துக்குள் வாய் வலித்துவிட்டது.

மதியம் சபைச் செயலர் ஜெபசிங் வந்தான். மாதாமாதம் மூன்றாம் ஞாயிறு காலையில் நடக்கும் மலையாள ஆராதனையை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் இங்கிலீஷ் ஆராதனை வைக்க வேண்டுமாம். கமிட்டியில் ஒன்பது பேர். இப்போதே நாலுக்கு நாலு.

"அண்ணாச்சி, ஒங்க கைதான் பாக்கி. பிள்ளைகளுக்குத் தமிழே வாசிக்க வரல. மலையாளம் ஆருக்கு?"

"எனக்க வீட்டுக்காரிக்கு."

சிரித்தான். "மைனி நல்லா தமிழ் பேசுவாங்களே!"

பேசுவாள்தான். லீலா பாறசாலைக்காரி. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம்.

ஜூன் 11, புதன்

மழை. இடுப்பு வலி. மாத்திரை வாங்க மறந்தேன்.

நிறுத்தலாம் என்பதற்கு:
1. ம. ஆராதனைக்கு வருவது பதினாலு பேர். மூன்று பேருக்குக் காது கேட்காது.
2. நம் போதகருக்கு மலையாளம் வாசிக்க வராது. எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவரை அழைக்க வேண்டும்.
3. இளவட்டங்கள் வேறு சபைக்கு ஓடுகிறார்கள்.

கூடாது என்பதற்கு:
1. லீலா.

அப்பா நினைப்பு. திருவிதாங்கூர் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலத்தில் கோஷம் போட்டவரும் அவரேதான். சேர்ந்த பிறகும் பைபிள் மட்டும் கடைசிவரை மலையாளத்தில். கேட்டால், "அது வேற, இது வேற." நான் தமிழில் படித்தேன், மகன் இங்கிலீஷில். மஸ்கட்டில் இருக்கும் பேத்தி போனில், "தாத்தா, ஸ்லோவா பேசுங்க" என்கிறாள்.

ஜூன் 14, சனி

கமிட்டி. டீ ஆறிப்போயிருந்தது. வடை பரவாயில்லை.

ரிட்டயர்டு வாத்தியார் எழுந்து, "மாசத்துல ஒரு மணி நேரம்டே. அது ஆருக்குப் பாரம்?" என்றார்.

ஜெபசிங், "சாரே, அந்த நேரத்துக்குத்தான் இங்கிலீஷ் வரணும்."

"இங்கிலீஷ்காரனை ஒருக்கா ஓட்டியாச்சே. பின்னயும் விளிக்கிறியா?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு ஓட்டு. நிறுத்தலாம் என்ற பக்கம் கை தூக்கினேன். ஓடாத சரக்கை அலமாரியில் வைத்துப் பழக்கமில்லை எனக்கு. தூக்கிய கையை இறக்கும்போதே ஒரு அசதி.

வீட்டில் சொல்லவில்லை. லீலா நாளைக்குக் கட்ட வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

மலையாள ஆராதனைக்கு லீலாவோடு நானும் போனேன். பின் பெஞ்ச். தமிழ் ஆராதனையில் இவள் வாய் அசைவதைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். இங்கே முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் பாடுகிறாள். எனக்குத் தெரியாமல் போயிற்று.

முடிவில் ஜெபசிங் அறிவிப்பு வாசித்தான். தமிழில். அடுத்த மாதம் முதல் கிடையாது.

காரில்:

"கமிட்டித் தீர்மானமா?"

"ஆமா."

"நீங்க எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"ம்."

மதியம் சாளைமீன் குழம்பு. எப்போதும்போல நன்றாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஜூன் 18, புதன்

வெயில். பெயிண்ட் போனது. சாப்பிட வீட்டுக்கு வந்தால் மேஜையில் ஒரு தாள்.

தன் பேரை இந்தச் சபையிலிருந்து பாறசாலைச் சபைக்கு மாற்றக் கேட்டு லீலா எழுதிய விண்ணப்பம். சுத்தமான தமிழ், ஒரு அடித்தல் இல்லை. கீழே, குடும்பத் தலைவர் கையொப்பம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

எந்தச் சபையில் பேரோ, அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். இது அவளுக்கும் தெரியும்.

"மாசாமாசம் நானே காரில கொண்டு விடுதேன். பேரு இங்க கெடக்கட்டும்" என்றேன்.

"விருந்தாளியாட்டுப் போயிட்டு வாறதுக்கா? முப்பத்தாறு வருஷமா இங்க அதத்தானே செய்தேன்."

"அப்ப கல்லறை?"

"அங்க எடம் உண்டு. அம்மைக்க பக்கத்துல."

"நான்?"

பேனாவைத் திறந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க கமிட்டி ஆளுல்லா. இங்க எடம் பாத்துத் தருவாங்க."