இளவெயிலுக்குப் போடாத கணக்கு

இன்று காலை கீரமங்கலத்து மல்லிகைத் தோட்டத்தில், நாம் இருவரும் செய்த அந்த மோட்டார் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் மார்க்கர் பேனாவால் நீ எழுதிய இரண்டு எண்கள், மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கன்ட்ரோலருக்கு நாம் வைத்தவை, அழியாமல் இருந்தன. நீ போய் எட்டு மாதமாகிறது. மூடியைச் சற்று நேரம் கீழே வைக்க முடியவில்லை.

பெட்டிக்குள் இருப்பது சோலார் பேனலின் மின்சாரத்தை மோட்டாருக்குத் தக்கபடி உயர்த்தித் தரும் கன்வெர்ட்டர். அதன் சமன்பாடுகளைக் கீரனூரிலிருந்து திருச்சிக்கு, கல்லூரி வேலைக்குப் போகும் பஸ்ஸில்தான் சுருக்கினோம். நான் சமன்பாட்டின் எல்லா உறுப்புகளையும் வைத்துக்கொள்ளப் பார்ப்பேன். நீ ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவாய். கன்வெர்ட்டரின் கம்பிச் சுருளில் மின்னோட்டம் ஒருபோதும் அறுந்துபோகாது என்று எடுத்துக்கொண்டாய். வெயில் மங்கினால் அறுந்துபோகுமே என்றேன்.

"காலங்காத்தால யாருடி மோட்டார் போடப்போறா? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையோட மார்க் ஷீட்டக் கேட்டவதானே நீ" என்றாய். முன் சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அதோடு விட்டேன். பிறகு உனக்கு ஆஸ்பத்திரி நாட்கள். அப்போது போய் இதையா பேசுவது?

போன மாதம்தான் நான் பெட்டியை மாட்டிக்கொடுத்த தோட்டத்துக்காரர், போன வாரம் போன் செய்தார். மல்லிகை பறித்து முடித்ததும், வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் பாய்ச்சிவிடுவது அவர் வழக்கமாம். இந்தப் பருவத்துப் பறிப்பு தொடங்கிய இரண்டு நாளாகப் பெட்டி நின்று நின்று போகிறதாம். அதை நம்பி டீசல் இன்ஜினை விற்றுவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இளவெயிலில் சுருளின் மின்னோட்டம் அறுந்து அறுந்து வர, நம் கன்ட்ரோலர் மந்தமாகிவிடும். மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் சரியும், பெட்டி தானே அணைந்துகொள்ளும். இன்று என் கண்முன்னே மூன்று முறை அணைந்தது.

பழியை உன்மேல் போட்டுவிடலாம், நீ மறுக்க வரமாட்டாய் என்று ஒரு நொடி தோன்றியது. உன்னிடம் மறைப்பானேன். பிறகு, இந்த நேரத்து வெயிலுக்கு நாங்கள் கணக்கே போடவில்லை, தெரிந்துதான் விட்டோம் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் செடிகளைப் பார்த்தபடியே சொன்னார். "இத மாட்டுன அன்னைக்கே சொல்லியிருந்தா இன்ஜின வித்திருக்க மாட்டேனேங்க டீச்சர்."

குரலில் கோபம்கூட இல்லை.

ஒன்பது மணிக்கு மேல் மோட்டார் ஒழுங்காக ஓடியது. நீ சுருக்கியது தப்பில்லை, அது செல்லுபடியாகும் எல்லைக்குள் சரியாகவே இருக்கிறது. அந்த எல்லையை வாய்விட்டுச் சொல்லாதவள் நான். இப்போது மங்கல் வெயிலுக்கென்று தனிக் கணக்கு போடுகிறேன். நீயில்லாமல் நானே அடிக்க வேண்டியிருக்கிறது. அடிக்கும் ஒவ்வொன்றின் பக்கத்திலும், அப்படி அடித்தது எப்போது பொய்யாகும் என்று எழுதுகிறேன். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நாளை அதைத் தோட்டத்தில் நின்று அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.