ஆள் நிறைந்தால்தான் ஜீப்பு

ஜூன் 9, திங்கள்
இன்றிலிருந்து நான் ஒழுங்கான மனுஷி. செல்போனில் ஓர் அக்கா சொன்னபடி, நாள் முழுவதையும் அரைமணி அரைமணியாகப் பிரித்து எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிட்டேன். பால் கறக்க, தண்ணீர் எடுக்க, களி கிளற, தலை வார. ஆமாம், தலை வாரக்கூட! பத்து மணிக்குத் திருப்பத்தூரில் கார் ஓட்டும் வகுப்பு. வீட்டுக்காரர் காசி படித்துப் பார்த்தார்.
"மூச்சு வுட எப்போ டைம் வெச்சிக்கீற?"

ஜூன் 11, புதன்
எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. தலையும் வாரினேன். எங்கள் மலையிலிருந்து இறங்கும் ஒரே ஜீப்பு மட்டும் என் அட்டவணையைப் படிக்கவில்லை. ஆள் நிறையாமல் ராஜாக்கண்ணு அண்ணன் வண்டியை எடுக்க மாட்டார்.
"இன்னும் நாலு பேரு வரட்டும்மா."
நான் மலை இறங்கிப் போனபோது வகுப்பே முடிந்திருந்தது. "இன்னொரு தபா லேட்டா வந்தீன்னா உன் எடத்துல வேற ஆளு" என்றார் கற்றுத்தரும் கோகிலவாணி அக்கா. எங்கள் ஊரில் எந்தப் பொம்பளையும் ஸ்டியரிங் பிடித்ததில்லை. எத்தனை நாள் ஆசை! ஜீப்பு நகராட்டி நான் இன்னாதான் பண்றது?

ஜூன் 12
அட்டவணையைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தேன். நன்றாக எரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு
சாமைக் கொல்லையில் புகுந்த ஆட்டை விரட்டும்போது புத்தி வந்தது. என் நாள் என் கையில் இல்லை, அந்த ஜீப்பில் இருக்கிறது. அப்படியானால் முதல் வேலை ஜீப்பை நிறைப்பதுதானே? மற்றதெல்லாம் அப்புறம்.
சாயங்காலமே வீடு வீடாகப் போனேன். குப்பம்மா சின்னம்மாவுக்கு ஆஸ்பத்திரி. மாணிக்கம்மாள் அக்காவுக்குப் புளி விற்க வேண்டும். "நாளான்னிக்குப் போலாம்னு இருந்தேனே" என்றார். "நாளைக்கே வாங்கக்கா, மூட்டைய நான் தூக்கியாறேன்" என்றேன். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன், புளி மூட்டை என்ன கனம்!

ஜூன் 16, திங்கள்
ஊர்வலம்போல் போய் நின்றோம். ராஜாக்கண்ணு அண்ணன் பாதி டீயோடு எழுந்துவிட்டார்.
"இன்னாமா இது, எல்லாரும் கல்யாணத்துக்கா போறீங்க?"
வகுப்புக்கு நான்தான் முதல் ஆள். சந்தோஷம் தாங்காமல் ஹாரனை அடித்துவிட்டேன். கோகிலவாணி அக்கா முறைத்தார். முறைக்கட்டும். களி கிளற மறந்தது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. எல்லாரும் பழையது தின்றார்களாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
லைசென்ஸ்!! காசி அதிலுள்ள போட்டோவை வெகுநேரம் பார்த்தார். "தலை வாரியிருக்கலாம்" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்
ராஜாக்கண்ணு அண்ணனுக்கு இடுப்புவலி. அதனால் திங்கள்கிழமைகளில் ஜீப்பு என் கையில். இன்று காலை, நர்சிங் படிக்கும் பூஜா போனைப் போனைப் பார்த்தாள்.
"எப்போக்கா எடுப்பீங்க? இன்னிக்குப் பரீட்சை."
"இன்னும் நாலு பேரு வரட்டும்மா."
சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த அண்ணன் குரலேதான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். பூஜா பயந்தே போனாள்.
நாலு இடம் காலியாகவே வண்டியை எடுத்துவிட்டேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.