திண்டிவனம் பாசஞ்சரில் அம்சா

விழுப்புரம்
12-7-1965

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். கனடாக் குளிரில் நீயும், நீ ஒயர் மாட்டும் தலைகளும் சுகமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே சந்தேகம். மூளை டாக்டர், மின்சார இன்ஜினீயர், கணக்குப் புரொபசர், பூனைகளை வைத்துச் சோதனை செய்கிற அம்மாள், அப்புறம் நீ, இத்தனை பேரும் யூனிவர்சிட்டியில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மூளையைப் பார்க்கிறீர்களாமே. "இத்தினி பேரு கூடினா அது கல்யாணம், ஆராய்ச்சி எங்க நடக்கும்?" என்கிறாள். ஜங்ஷனில் ஒரு வண்டியை அனுப்பவே சிக்னல் கேபின்காரன் நான், டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாரும் வேண்டியிருக்கிறதே என்று உனக்காக வாதாடினேன். "அதான் வண்டி லேட்டா வருது" என்று முடித்துவிட்டாள்.

முக்கிய சமாசாரம் என்னவென்றால், அம்சாவின் வலிப்பு விஷயத்தில் உங்கள் மேசை ஜெயித்துவிட்டது. நோவு தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்றாமலே எழுந்து போன நாள் முதல், உன் அத்தை கோவிந்தம்மாள் மகளை வாசற்படி தாண்ட விடாமல் வைத்திருந்தது உனக்குத் தெரியும். நீ கேட்டாய் என்று, மதராஸ் ஆஸ்பத்திரியில் அவள் தலையில் ஒயர் வைத்து எடுத்த கோட்டுப் படத்தை அனுப்பினேன். அதை வைத்துக்கொண்டு உங்களுக்குள் சண்டையே வந்ததாமே, இது வேறு வகை வலிப்பு என்று பூனை அம்மாள் பிடிவாதமாக நின்றாளாமே. கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டு எழுதியதை மதராஸ் டாக்டர் நிதானமாகப் படித்து மாத்திரையை மாற்றினார். பொங்கலுக்குப் பிறகு வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அத்தையும் அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. "காப்பாத்தனது அம்மன், உம் பொண்ணு மாத்திரயத்தான் மாத்தனா" என்கிறாள். நீ கோபிக்காமல் அங்காளம்மனையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்.

அம்சாவுக்குத் திண்டிவனத்தில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. தனியாகத்தான் போவேன் என்றாள், அத்தை அழுதாள். "போவட்டும் வுடு, மூளைக்காரங்களே சொல்லிட்டாங்க" என்று நான்தான் பெரிய மனிதனாகத் தைரியம் சொன்னேன். சொல்லிவிட்டு, காலை பாசஞ்சரில் அவள் பெண்கள் பெட்டியில் ஏறியதும் நான் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டேன். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலையை நீட்டி, அந்தப் பெட்டியில் யாராவது கூச்சல் போடுகிறார்களா என்று பார்த்தேன். திண்டிவனத்தில் இறங்கியவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். "மாமா, விழுப்புரம் போற வண்டி எதிர் பிளாட்பாரத்துல வருது. ஜல்தி ஏறுங்க, டூட்டிக்கு லேட்டாய்டப் போவுது" என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். நான் அந்த வண்டியில், எண்ணெய்ச் செக்குக்குப் போகும் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, இன்ஜின் கரி விழுந்துவிட்டது என்றேன்.

வெறும் ரொட்டியைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நீடூழி வாழ வேண்டும். உன் கடிதங்களில் பூனைக்கெல்லாம் இடம் இருக்கிறது, எப்போது ஊருக்கு வருகிறாய் என்கிற ஒரு வரியைத்தான் அம்மா தேடிக்கொண்டே இருக்கிறாள். மறக்காமல் அதை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணையன்