உட்கார முடியாத நாற்காலிக் கடைக்காரன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். நானும் அப்படியே என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது என் வழக்கம், இந்தத் தடவை அது பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வீடியோவில் வரும்போதெல்லாம் ஏம்பா நின்னுக்கிட்டே பேசறீங்க, சுத்தி அத்தனை நாற்காலி இருக்கே என்று திட்டுவாய், கடையில் கூட்டம் என்பேன். உண்மையில் அப்போது கடையில் ஈ கூட இருக்காது. குடலிறக்க ஆபரேஷன் நடந்ததிலிருந்து எனக்கு இடது விதையில் வலி, வந்து போகிற வலி இல்லை, குடியேறிவிட்ட வலி, உட்கார்ந்தால் தொடை இடுக்கு வரை சுண்டி இழுக்கும். இதை மகளுக்கு எழுதலாமா என்று யோசிக்காதே. உன் அம்மா போன பிறகு மாதாமாதம் உனக்கு வேண்டியதை மருந்துக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு, பேப்பரில் சுற்றாமல் கையில் பிடித்து வந்தவன் நான், நீயும் கூசாமல் படி.

பார்க்காத டாக்டர் இல்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் ஒருவர், எல்லாம் மனசுதான் என்றார் இன்னொருவர், வேறொருவர் விதையை எடுத்தே போட்டுவிடலாம் என்றார், ஏதோ நாற்காலியின் உடைந்த சக்கரத்தைக் கழற்றுவது மாதிரி. இப்போது பார்க்கிறவர் அவசரப்படாத மனுஷர். வலியைச் சுமந்து வருகிற நரம்புகளை மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடி வெட்டிவிடலாம், ரத்தக் குழாயைத் தொடாமல் காப்பாற்றப் பார்ப்போம், நிறையப் பேருக்குச் சரியாகிறது, சிலருக்கு ஆவதில்லை, அபூர்வமாக விதையே சுருங்கிப்போவதும் உண்டு, கியாரண்டி தரமாட்டேன் என்றார். அதனாலேயே அவரை நம்பினேன், எதற்கும் கியாரண்டி என்கிறவனிடம் நான் சரக்கு எடுத்ததே இல்லை. முதலில் அந்த நரம்புகள் மரத்துப்போக ஓர் ஊசி, அதில் வலி அடங்கினால்தான் ஆபரேஷன் என்றார். சாம்பிள் பார்த்து வாங்குவது மாதிரிதானே, சரி என்றேன்.

ஊசி போட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தேன். வலி இல்லை. கம்மியாக இல்லை, இல்லவே இல்லை. ஷோரூம் நடுவில் இருக்கிற பெரிய சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன், சாய்ந்தேன், யாரும் பார்க்கவில்லை என்று ஒரு சுற்றும் சுற்றினேன். நம் சேல்ஸ்மேன், ரேடியோ என்று நீ பெயர் வைத்தாயே அவன்தான், ஓடி வந்து என்ன முதலாளி, உட்கார்ந்துட்டீங்க, உடம்புக்கு முடியலையா என்று கேட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கால் வலிக்குதுடா என்றேன். உனக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன், அங்கே ராத்திரி, நீ தூங்கிக்கொண்டிருப்பாய் என்று வைத்துவிட்டேன். ஒரு கஷ்டத்தை யாரிடமும் சொல்லாமல் இருக்கப் பழகியிருந்தேன் கண்ணு, ஒரு நல்லதைச் சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதுசு. சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது ஊசியின் வேகம் இறங்கி வலி திரும்பி வந்துவிட்டது, எழுந்து நின்றேன்.

அடுத்த மாதக் கடைசியில் ஆபரேஷன். கூட யார் இருப்பார்கள் என்று நர்ஸ் கேட்டபோது, மகள் என்று சொல்லிவிட்டேன். கையில் சரக்கு இல்லாமல் ஆர்டர் எடுத்த மாதிரி ஆகிவிட்டது. ரேடியோவைக் கூட்டிப் போனால் எனக்கு மயக்கம் தெளிவதற்குள் தெரு முழுக்க ஒலிபரப்பாகிவிடும். உனக்கு வேலை இருக்கிறது, குழந்தை சின்னது, எல்லாம் தெரியும், முடியாது என்றால் நேராகச் சொல், நான் தனியாகவே போய்ப் படுத்துக்கொள்வேன். ஆனால் முடியும் என்றால் வாம்மா.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ வேண்டும், குழந்தையின் நெற்றியில் என் முத்தம் ஒன்று. மறக்காமல் ஒன்று மட்டும் செய். இதைப் படித்ததும் நீ போன் பண்ணுவாய், நானும் கடைக்காரக் குரலில் அதெல்லாம் ஒண்ணுமில்ல, வர வேணாம், நான் பாத்துக்கறேன் என்பேன். அதைக் காதில் வாங்காதே, இந்தத் தாளில் இருப்பதுதான் நான் கேட்பது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அப்பா