மலர்க்கொடிக்கு நாலு மணி நேரம்

அன்புள்ள மாமாவுக்கு எழில்மதி எழுதுவது.

உங்களுக்கு இருமல் நின்றதா? இந்த ஆக்லாந்து குளிரிலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நம் மகள் காவ்யா வாயைத் திறந்து காட்டினாள். முதல் பல் விழுந்திருந்தது. "மலர் அத்தை கையிலதாம்மா விழுந்துச்சு. அவங்களே கூரை மேல போட்டாங்க. பக்கத்துப் பல்லும் ஆடுது. அத்தை நெனச்சா வந்துடுறாங்க, ஒனக்கு மட்டும் ஏம்மா இவ்ளோ தூரம்?" என்றாள்.

உங்கள் தங்கைக்குச் சிங்கப்பூரிலிருந்து திருச்சி நாலு மணி நேரம். நான் பதினோரு மணி நேரம் பறந்தால்தான் அவள் புறப்படும் இடத்துக்கே வந்து சேர்வேன். என் பிள்ளைக்கு நல்லதுதான் செய்கிறாள், தெரியும். ஆனாலும் வயிறு எரிகிறது. அன்று முதல் அவள் போனை நான் எடுக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸிடம் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். "மகளுக்குப் பல் ஆடுகிறது" என்றேன். சிரித்துவிட்டுப் பத்து நாள் கொடுத்தார்.

இருபதாம் தேதி கோட்டுச்சேரியில் நம் வீட்டில் இருப்பேன். அதுவரை அந்தப் பல்லில் யாரும் கை வைக்க வேண்டாம். காவ்யாவுக்கு முறுக்கும் கொடுக்காதீர்கள். நான் வருவதை மலர்க்கொடியிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவளும் டிக்கெட் போட்டுவிடுவாள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
எழில்மதி